நல்ல சளி

குழிக்காய்ச்சலை ஒழித்த கதை இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. போர் முடிந்தது, எலி பெருகியது, காய்ச்சல் பரவியது, அறிவாளிகள் மருந்து கண்டுபிடித்தார்கள், மக்கள் பிழைத்தார்கள். மொத்தமே ஒரு பக்கம்தான். பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி, ஒரு வீடு விடாமல் நோய்க்காப்பு ஏறிய முதல் ஊர் என்று உப்புவிளையின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நூறு சதவீதமாம். அந்த நூறில் கடைசி ஒன்று எப்படி வந்து சேர்ந்தது என்று புத்தகம் எழுதியவருக்குத் தெரியாது. சுயம்புக்கனிக்குத் தெரியும். அவளிடம் யாரும் வந்து கேட்கவில்லை, அவளும் வலியப் போய்ச் சொல்கிற ஆள் இல்லை.

கனி உப்புவிளை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. போரில் புருஷனைப் பறிகொடுத்தவள். கைக்குழந்தைக்காரி. குழந்தையின் பெயர் துரைச்சி. அப்பன் லிங்கதுரையின் பெயரைத்தான் அப்படி வைத்திருந்தாள்.

போர் நடந்த வருஷங்களில் ஊரே மண்ணுக்கடியில் வெட்டிய பதுங்குகுழிகளில் கிடந்தது. மேலே வண்டுகள் பறக்கும். வண்டு என்றால் நிஜ வண்டு இல்லை. உள்ளங்கை அகலத்தில் இரும்பில் செய்தது, மனுஷ உடம்பின் வெக்கையை மோப்பம் பிடித்துத் தேடி வந்து வெடிப்பது. குழியில் மனுஷனோடு எலியும் குடியிருந்தது. போர் முடியும் தறுவாயிலேயே எலியிடமிருந்து காய்ச்சல் தொற்ற ஆரம்பித்துவிட்டது. முதலில் உடம்பு கொதிக்கும், அடுத்து இருமல், அதற்கடுத்து இருமலில் ரத்தம். இருமுகிறவர் பக்கத்தில் நின்றாலே போதும், நின்றவருக்கும் வந்துவிடும். காய்ச்சல் கண்ட வீட்டில் மிச்சம் இருந்தவர்களையெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் லாரியில் ஏற்றிப் பழைய சிமெண்டு ஆலைக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். போன லாரி ஆளோடு திரும்பி வந்ததாக யாரும் பார்த்ததில்லை.

போர் ஓய்ந்ததும் அரசாங்கம் தடுப்பூசியோடு வந்தது. உப்புவிளைக்காரர்கள் வந்த ஜீப்பைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போரின்போது இதே மாதிரி ஊசி போடுகிறோம் என்று வந்துதான் தோலுக்கடியில் சின்ன மணி ஒன்றை ஏற்றிவிட்டுப் போனார்கள். அந்த மணி இருந்த உடம்பு எங்கே ஒளிந்தாலும் வண்டு தேடி வந்தது. அதற்குப் பிறகு எவன் கையை நீட்டுவான்?

அப்புறம்தான் டாக்டர் ஹபீபா வந்தார். கையில் ஊசி இல்லை. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஊரைக் கூட்டி உட்கார வைத்தார்.

"ஊசி இல்லைங்கிய. மாத்திரை இல்லைங்கிய. அப்ப மருந்து எப்படி உள்ள போகும்?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். கனியின் எதிர்வீட்டுக்காரி, ஊரில் எந்தப் பேச்சிலும் முதல் பேச்சு அவளுடையதாகத்தான் இருக்கும்.

"சளி பிடிக்கும். அவ்வளவுதான்."

"எங்களுக்குச் சளி பிடிக்க வைக்கவா உங்களுக்குச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்கு?"

கிட்டங்கியே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டுச் சொன்னார். "இது நாங்க செஞ்ச சளி. நல்ல சளின்னு வச்சுக்கங்க. நாலஞ்சு நாள் மூக்கு ஒழுகும், தும்மல் வரும். அது நின்ன பிறகு கொஞ்ச நாள்ல உங்க உடம்பு குழிக்காய்ச்சலை எதிர்க்கக் கத்துக்கும். ஒருத்தருக்கு வந்தா அவங்ககிட்டேருந்து அடுத்தவங்களுக்கு ஒட்டும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்கணும்."

"எச்சிலாவா?"

"ஆமாம்மா. எச்சில்தான் இதுல மருந்து."

சிரிப்பு அதோடு நின்றது. மேலத்தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் சாவு பொல்லாதது. அந்த மாதமே ஒரு கல்யாணம் வந்தது. வெளியூரிலிருந்து மூக்கொழுக வந்த இரண்டு பையன்களைப் பந்தியின் நடுவில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். அதற்குப் பிறகு உப்புவிளையில் சளிக்கு வந்த மரியாதையைக் கேட்க வேண்டுமா! "சாப்டியளா" என்று கேட்ட ஊர் "மூக்கு ஒழுகுதா" என்று கேட்டது. தும்மினவனுக்கு வீட்டுக்கு வீடு காப்பி கிடைத்தது.

வந்த வினை வேறு இடத்திலிருந்து வந்தது. நல்ல சளி ஓர் ஆளிலிருந்து அடுத்த ஆளுக்குப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக உருமாறும். ரேஷன் கடையில் ஒவ்வொருவரும் எச்சில் தொட்டுக் கொடுத்த குச்சியைச் சோதித்தால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கோடு போட்டே காட்டிவிடலாம். அப்படிக் கோடு போட்ட வரைபடத்தை டாக்டர் ஒன்றும் அறியாதவராகச் சுவரில் மாட்டினார். கீழத்தெருவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்று பீற்றிக்கொண்ட பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சளி வந்த கோடு, கீழத்தெருவில் கள் விற்கிறவள் வீட்டிலிருந்து நேராகப் புறப்பட்டு வந்திருந்தது. வாத்தியார் சம்சாரம் அன்றைக்கே பிறந்தவீட்டுக்குப் போய்விட்டாள். வரைபடம் சுவரிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு டாக்டரும் கனியும் மட்டும்தான் அதைக் கணினித் திரையில் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் டாக்டர் திரையில் விரலை வைத்தார்.

"கனி, சளி வந்த வீடெல்லாம் பச்சை, ஊரே பச்சையாயிட்டு வருது. இந்த ஒரு வீட்டுக்குப் பக்கத்துலகூட ஒரு கோடு போகலையே. யார் வீடு இது?"

கனிக்கு அன்று நல்ல சளி. மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தது. முந்தானையால் இன்னொரு தடவை துடைத்துக்கொண்டாள்.

"அது ஆளில்லாத வீடு, டாக்டரம்மா."

பொய். அந்த வீட்டில் ஆள் உண்டு. சந்தனமாரி என்று பெயர். லிங்கதுரையின் உடன்பிறந்த அக்கா, கனிக்கு மதினி.

அந்த மதினிதான் லிங்கதுரை வெளியே நிற்கும்போது பதுங்குகுழியின் கதவைச் சாத்தினவள். ஊர் முழுக்கத் தெரிந்த கதை இது. குழிக்குள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். லிங்கதுரை தண்ணீர் எடுக்கப் போய் இரண்டு நாளாக வரவில்லை. பட்டப்பகலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவுக்குக் காவல் சந்தனமாரி. இடுக்கில் வாயை வைத்து ஏதோ பேசினாள். வெளியே இருந்தவனும் ஏதோ பேசினான். பிறகு அவள் குறுக்குக் கட்டையை எடுத்துப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். குழியின் கோடியில் நிறைமாத வயிற்றோடு படுத்திருந்த கனி கத்திக்கொண்டு எழுந்தாள். தங்கபுஷ்பமும் இன்னும் இரண்டு பேரும் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கதவு திறந்தால் வெக்கை வெளியே போகும், வண்டு உள்ளே வரும் என்று எல்லோருக்கும் பயம்.

மறுநாள் திறந்து பார்த்தபோது கொஞ்ச தூரத்தில் பனைமரத்து மூட்டில் கிடந்தான். வண்டு அவனை விட்டுவைக்கவில்லை. கதவை ஒட்டி ஒரு குடம் தண்ணீர், சொட்டுச் சிந்தாமல் இருந்தது. எல்லோரும் குடித்தார்கள். அவனைக் குழி வாசலிலேயே புதைத்தார்கள்.

அந்தக் கதவால் பிழைத்தவர்கள்தான் போர் முடிந்ததும் கதவைச் சாத்தினவளைத் தள்ளிவைத்தார்கள். கூடப் பிறந்தவனையே வெளியே விட்டவள் என்றார்கள். யாரும் அவள் வீட்டுப் படி ஏறுவதில்லை, அவள் கையால் ஒரு வாய் வாங்குவதில்லை. அவள் ரேஷனைக்கூடக் கடைக்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். விசேஷம் நடந்தால் தின்ற எச்சில் இலையைக் கொண்டுபோய் அவள் வாசலில் வீசுகிற அளவுக்கு ஊர் வந்துவிட்டது. ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அவளைப் பார்க்கிறபோதெல்லாம் தாங்கள் அன்று சும்மா இருந்தது ஞாபகம் வந்தது, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கனியின் கோபத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. துரைச்சி பிறந்த அன்று சந்தனமாரி சங்கில் சீனித்தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் சொட்டு இனிப்பைத் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று பேர். அந்தப் பக்கத்தில் அது அத்தைக்கு உரிய உரிமை. சேனை வைத்தவள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கனி படுத்த படுக்கையிலிருந்து, "அந்தக் கதவைச் சாத்துங்க" என்றாள். தங்கபுஷ்பம் சாத்தினாள். சங்கோடு வந்தவள் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆளில்லாத வீடு என்று கனி சொன்னதற்கு இதுதான் பின்கதை. அவள் மூக்கு அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு எட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீரைப் பாதி குடித்து நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை.

சில வாரம் கழித்து டாக்டர் ஹபீபா வேறொரு படத்தோடு கனியைக் கூப்பிட்டார். உயரத்திலிருந்து எடுத்த படம். அந்த வீட்டுக் கூரையிலிருந்து மெல்லிசாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

"ஆளில்லாத வீட்ல யாரு கனி அடுப்பு பத்த வைக்கறாங்க?"

கனி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கனிக்குத் தோன்றியது.

"உங்க கோபத்தைப் பத்திப் பேச எனக்கு உரிமை இல்ல. ஆனா எலிக்கு யாரு தள்ளிவச்ச வீடு, யாரு தள்ளிவைக்காத வீடுன்னு தெரியாது. அந்த அம்மாவுக்குக் காப்பு இல்ல. காய்ச்சல் வந்தா அவ்வளவுதான்."

"குப்பியில இருக்குற மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருவோமா? ஊசி இல்லாம, சொட்டா?"

"குப்பியில இருக்கறது முரடு. நேரா கொடுத்தா அதுவே ஆளைக் கொன்னுரும். ஆரம்பத்துல எங்க ஆளுங்க சில பேர் தானா முன்வந்து வாங்கிக்கிட்டாங்க. அதுல ரெண்டு பேர் இப்ப இல்ல. ஆள் மாறி ஆள் மாறி நாலஞ்சு உடம்பு தாண்டின பிறகுதான் அது சாதுவாச்சு. இந்த மருந்தைத் தயாரிக்கற ஃபாக்டரி மனுஷன்தான் கனி."

"அப்ப ஊர்ல யாராவது..."

"ஊர்ல இப்ப மூக்கு ஒழுகற ஆளே இல்லையே. எல்லாருக்கும் வந்து போயிடுச்சு. ஒருதரம் வந்தவங்களுக்குத் திரும்ப வராது. அவங்களால அடுத்தவங்களுக்குக் கொடுக்கவும் முடியாது." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அந்த அம்மாவைத் தவிர இன்னும் வராத ஒரே ஆள் உங்க பொண்ணுதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கற வரைக்கும் இது ஒட்டாது. இப்ப சோறு ஊட்ட ஆரம்பிச்சிட்டீங்க இல்லையா? பக்கத்து ஊர்ல இன்னும் ரெண்டு வீட்ல சளி இருக்கு. எப்படியும் குழந்தைக்கு வாங்கித்தானே ஆகணும்."

கனி துரைச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் போனாள். அங்கே ஒரு பையன் கடித்துக் கொடுத்த பிஸ்கட்டைப் பிள்ளை ஆசையாகத் தின்றது. இரண்டு நாளில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

"இந்த ஒழுக்கு நிக்கறதுக்குள்ள போங்க. குழந்தைக்கும் காப்பு முழுசா ஏற இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதனால வேற காய்ச்சல்காரங்க கிட்ட மட்டும் கொண்டுபோகாதீங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

கனி போனாள். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. என் புருஷனை வெளியே நிறுத்தினவள் மடியில் அவர் பிள்ளையை உட்கார வைப்பதா என்று மனசு முரண்டு பிடித்தது. அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ஒரு வாழைப்பழத்தை உரித்துத் துரைச்சி கையில் கொடுத்தாள். பிள்ளை அதைக் கடித்துக் குதப்பி, மூக்குத் தண்ணியும் எச்சிலுமாக ஆக்கியதும் வாங்கி ஒரு இலைத்துண்டில் வைத்தாள். போய் சந்தனமாரியின் வாசல்படியில் வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வேகமாக நடந்து தெரு முக்குக்கு வந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனபோது இலை தெருவில் கிடந்தது. காக்கா ஒன்று அதைப் புரட்டிக்கொண்டிருந்தது. பழம் இல்லை.

"எம்பிள்ளை வாயில இருந்து எடுத்துக் கொண்டுபோய் வச்சா, தூக்கித் தெருவுல வீசியிருக்கா. எவ்வளவு திமிர் இருக்கணும்" என்று தங்கபுஷ்பத்திடம் பொருமினாள் கனி.

தங்கபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எதுல வச்ச?"

"இலைலதான்."

"எதுக்குன்னு சொல்லிட்டு வச்சியா?"

"இல்ல. தட்டிட்டு வந்துட்டேன்."

"ஏட்டி, கடிச்ச பழத்தை எச்சில் இலையில வச்சு அவ வாசல்ல போட்டுட்டு ஓடி வந்திருக்க. நாங்களும் அதைத்தான செய்யுதோம். அவளுக்கு என்ன தெரியும், இது மருந்துன்னு?"

கனிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஊரோடு சேர்ந்து எச்சில் இலை எறிந்ததில்லை என்று ஒரு பெருமை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. அதுவும் போயிற்று. நேரில் போய்த்தான் ஆகவேண்டும் என்று தெரிந்தும் அன்றைக்கு முழுக்க வெட்கம், மறுநாள் முழுக்கக் கோபம். இன்று போகலாம், வெயில் தாழட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். துரைச்சியின் மூக்கு ஒழுகுவது குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒரு மத்தியானம் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். தங்கபுஷ்பம் கேட்காமலே பத்தடி பின்னால் வந்தாள்.

கதவுக்கு உள்ளே குறுக்குக் கட்டை போட்டிருந்தது.

"மதினி."

கதவைத் தட்டினாள்.

"மதினி, நான் கனி வந்திருக்கேன்."

உள்ளே யாரோ நகருகிற சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு மிக அருகில் ஒரு குரல் வந்தது. "பிள்ளையத் தூக்கிட்டா வந்திருக்க?"

"ஆமா மதினி."

"அப்ப தெருவுக்குப் போ. கதவுகிட்ட நிக்காத."

"அன்னைக்குப் பழம் வச்சது நாந்தான். எச்சில் எறியணும்னு வைக்கல. அது..."

"போன்னு சொல்லுதேன்லா." சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பும் இருமல். வீடு வீடாக ஏறி இறங்கினவளுக்கு அது என்ன இருமல் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலடி பின்னால் வந்தாள். கால் தானாகவே வந்தது.

"எப்ப இருந்து மதினி?"

"நேத்து இருந்து."

"யாரும் வராத வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"நாந்தான் போனேன். குழி வாசல்ல அவன் தலைமாட்டைப் பெருக்கி விளக்கு வைக்க எப்பவும் போவேன். அங்க எலி கிடக்கத்தான் செய்யுது. வேற யாரு போவா?"

அவள் சொன்னது குற்றச்சாட்டாக இல்லை. கனி அந்தப் பக்கம் போனதே இல்லை. அந்தக் கதவைப் பார்க்க முடியாது என்று போகாமலே இருந்துவிட்டாள்.

"கதவைத் திறங்க மதினி. தள்ளி நின்னே பாக்குதேன்."

"திறக்க மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தை கனிக்குள் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் உடைத்துவிட்டது. தெருவில் ஆட்கள் எட்டிப் பார்ப்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"உங்களுக்கு வேற வேலையே கிடையாதா? அன்னைக்கும் இதே மாதிரிதான் திறக்கல. உங்க தம்பி வெளிய நின்னு தட்டித் தட்டிச் செத்தாவ. அன்னைக்கும் திறக்கல, இன்னைக்கும் திறக்கல. எதுக்கு? எதுக்குன்னு சொல்லுங்க."

உள்ளே இருமல் அடங்கியது. அப்புறம் சந்தனமாரி மெதுவாகச் சொன்னாள்.

"இன்னைக்கு எதுக்குத் திறக்கலையோ, அதுக்குத்தான் அன்னைக்கும் திறக்கல."

"புரியல மதினி."

"அவன் 'திற'ன்னு தட்டலட்டி. தண்ணிய வச்சுட்டேன், எடுத்துக்கங்கன்னு சொல்லத் தட்டினான். நான் கதவைத் திறக்கப் போனேன். 'அக்கா, திறக்காத, எனக்குக் காய்ச்சல், இருமல்ல ரத்தம் வருது. கனி உள்ள இருக்கா, கதவைச் சாத்து'ன்னான். இப்ப நான் உன்கிட்டச் சொன்ன மாதிரியே சொன்னான்."

கனி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வரத் துடித்தவன் குடத்தை ஏன் அவ்வளவு பத்திரமாகக் கதவோரம் வைத்தான் என்று ஒருநாளும் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த வாய் அத்தனையும் சந்தனமாரியை ஏசியது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா மதினி?"

"சொன்னா? காய்ச்சக்காரன் பொண்டாட்டின்னு உன்னை லாரில ஏத்தி சிமெண்டு ஆலைக்குக் கொண்டுபோயிருப்பான். வயித்துப் பிள்ளையோட."

"சரி, போர் ஓஞ்சு ஆலைய மூடுன பெறகு?"

"யாருட்டச் சொல்ல? யாரு வந்தா?"

பின்னால் நின்ற தங்கபுஷ்பம் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். குழிக்குள் கனியை அமுக்கிப் பிடித்த கை அது. கனி எழுந்து போய்ப் பிள்ளையை அவளிடம் கொடுத்தாள்.

"அக்கா, இவள வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. நான் வரச் சொல்லுத வரைக்கும் உங்ககூட இருக்கட்டும்."

பிறகு கதவுக்கு வந்தாள். இந்தத் தடவை கதவை ஒட்டி நின்றாள்.

"மதினி, பிள்ளை போயாச்சு. நான் மட்டும்தான் நிக்கேன். எனக்கு நல்ல சளி வந்து போயிட்டு, உங்க காய்ச்சல் என்னை ஒண்ணும் செய்யாது. நான் பொய் சொல்லல, டாக்டரம்மாட்ட வேணும்னா கேளுங்க. கட்டைய எடுங்க."

உள்ளே கட்டை நகர்வதற்கு நேரம் பிடித்தது. அவளுக்குத் தெம்பில்லை.

கனி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். உடம்பைத் துடைத்துவிட்டாள், கஞ்சி புகட்டினாள், இருமும்போது முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலமாக ஒரு கை படாத உடம்பு, முதல் தடவை தொட்டபோது சந்தனமாரிக்கு உடம்பே கூசியது. கனிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை. காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்த ஒரு பொழுதில் சந்தனமாரி கேட்டாள்.

"பிள்ளைக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு பல்லு முளைச்சிட்டு, என்ன?"

"ஆமா மதினி."

"மேப்பல்லு நடுவுல சந்து இருக்கு. அவனுக்கும் சின்னதுல அப்படித்தான் இருந்துச்சு."

ஜன்னல் வழியாக எப்போதாவது பார்த்திருப்பாள் என்று கனி நினைத்துக்கொண்டாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, அதற்குமேல் யோசிக்க நேரமில்லை.

சந்தனமாரி பிழைக்கவில்லை. கடைசி வரைக்கும் கனியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊர் வந்தது. எல்லோரும் வந்தார்கள். தெருவில் நின்று தங்கபுஷ்பம் உரக்கச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு வந்தார்கள். வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றவர்களைக் கனி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லிங்கதுரைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் டாக்டர் ஹபீபாவின் ஆள் வந்து, விதிப்படி சந்தனமாரியின் வாயில் ஒரு குச்சியைத் தொட்டு எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் டாக்டர் கனியைக் கூப்பிட்டு அனுப்பினார். துரைச்சி இடுப்பில் இருந்தாள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

அந்த வீடு பச்சையாக இருந்தது.

"எனக்கே நம்ப முடியல, ரெண்டு தரம் சோதிச்சுப் பாத்தோம். அந்த அம்மாவுக்கு நல்ல சளி வந்திருக்கு. காய்ச்சல் வரதுக்குச் சரியா முந்தி. காப்பு ஏறிக்கிட்டு இருந்திருக்கு, அதுக்குள்ள காய்ச்சல் முந்திக்கிச்சு." டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "இன்னும் கொஞ்ச நாள் முன்னாடி மட்டும் போய்ச் சேர்ந்திருந்தா..."

முடிக்கவில்லை. அவர் முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. கனி மூக்கைச் சிவக்கச் சிவக்கத் துடைத்துக்கொண்டு, ஆளில்லாத வீடு என்று சொன்னபோது உட்கார்ந்திருந்த நாற்காலி அதே இடத்தில்தான் கிடந்தது.

திரையில் ஒற்றைக் கோடு ஒன்று மெல்லிசாக அந்த வீட்டுக்குப் போயிற்று. கனி அதைப் பின்னோக்கி விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். கோடு அவள் வீட்டில் வந்து நின்றது. துரைச்சியிடமிருந்து புறப்பட்ட கோடு. தெருவில் கிடந்த இலையில் பழம் இல்லாமல் இருந்தது, அவள் நினைத்ததுபோல் காக்கா தின்றதால் அல்ல. வாசலில் கிடந்த அந்த எச்சில் பழத்தைச் சந்தனமாரி கையில் எடுத்து, நாலு சின்னப் பல் பதிந்திருப்பதைப் பார்த்து, மேற்பல் நடுவில் அந்தச் சந்து இருப்பதைப் பார்த்து, யார் பிள்ளை வாய் என்று தெரிந்துகொண்டு, தின்றுவிட்டு, வெறும் இலையை மட்டும் வெளியே போட்டிருக்கிறாள். மருந்து என்று அவளுக்குத் தெரியாது.

"ஊர் நூறு சதவீதம் ஆயிடுச்சு கனி. மேல கேப்பாங்க, கடைசி வீட்டுக்கு யாரு எப்படிக் கொண்டுபோனாங்கன்னு. என்னன்னு எழுதட்டும்?"

கனி துரைச்சியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க டாக்டரம்மா. அத்தைக்கு மருமவ சேனை வச்சிருக்கா."

வெளியூர்க்காரரான டாக்டருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. திரும்பக் கேட்கவும் மனம் வரவில்லை. கனி பழக்கத்தில் முந்தானையை எடுத்துத் துரைச்சியின் மூக்கைத் துடைத்தாள். அது காய்ந்து பல நாளாகியிருந்தது.